சபுரில் ஓர் ஓய்வு நாள்

பயணம் தமிழர்க்குப் புதியதன்று. பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகளாக அமைந்திருத்தலே இதற்குப் போதிய சான்றாகும். முன்னே சென்று பயன் கண்டவன், பின்னே வருபவனை எதிர்ப்பட்டு வழிகூறி அனுப்புவதே ஆற்றுப்படையின் இலக்கணம். பயணத்தின் பயன் சென்றவனோடு நின்றுவிடாமல் பிறர்க்கும் சென்று சேர வேண்டும் என்னும் பண்பாடு அவ்விலக்கணத்துள் பொதிந்து கிடக்கிறது.

தமிழ் முஸ்லிம்களின் வாழ்விலோ பயணம் ஒரு சொல்லாகவே வேரூன்றிவிட்டது. 'சஃபர்' என்னும் அரபுச் சொல் நம் கடற்கரை ஊர்களில் 'சபுர்' ஆயிற்று. பொருளீட்டக் கடல் கடந்தவர் 'சபுராளி' ஆயினார். கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், சைகோன், இரங்கூன் என்று சபுராளிகள் சென்ற இடங்கள் பல. அவர்கள் அனுப்பிய பொருளால் பள்ளிவாசல்கள் எழுந்தன; மதரசாக்கள் நடந்தன; கல்விக்கூடங்கள் பலவும் வளர்ந்தன. இவ்வுண்மையை மறுப்பார் இல்லை.

ஆயினும், அந்தச் சபுர் ஆடவர் மட்டுமே மேற்கொண்ட சபுர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. கடல்வழிச் செல்வோர் மகளிரை உடனழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பிய அகத்திணையியல் கூறும். அவ்விதி நம் கடற்கரை ஊர்களில் இருபதாம் நூற்றாண்டு வரையிலும் பெரும்பாலும் உயிரோடிருந்தது. கணவர் அக்கரையில், மனைவி இக்கரையில், இடையே ஒரு கடிதம் என்றவாறு கழிந்த வாழ்க்கைகள் எத்தனை எத்தனை!

இன்று காலம் மாறிவிட்டது. 1926 முதல் 1973 வரை சென்னையிலிருந்தும் நாகையிலிருந்தும் பினாங்கு, சிங்கப்பூர்த் துறைமுகங்களுக்கு மக்களை ஏற்றிச் சென்ற 'ரஜூலா' கப்பலில் ஏறத்தாழ ஒரு வாரம் அலைப்புண்டு சென்ற தொலைவை, விமானம் நான்கு மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. பாட்டன், பாட்டி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என மூன்று தலைமுறையினரும் ஒன்றாக அயல்நாடு சென்று ஒரு வாரம் தங்கி வருதல் நடுத்தரக் குடும்பங்களிலும் காணக்கூடியதாயிற்று. பிரிவுக்குரிய சபுர் கூடுதற்குரிய சபுராக மாறியிருப்பது பெரிதும் வரவேற்கத்தக்கதாகும்.

ஆனால், கூடிச் செல்லும் நாம் உண்மையில் கூடியிருக்கின்றோமா? இவ்வினாவே இக்கட்டுரைக்கு அடிப்படை.

<b>ஓட்டமே பயணமா?</b>

இக்காலச் சுற்றுலாவின் நிகழ்ச்சி நிரலைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். காலை ஏழு மணிக்குச் சிற்றுண்டி, எட்டு மணிக்கு வேன் புறப்பாடு, பத்து மணிக்குக் கோபுரம், பன்னிரண்டு மணிக்குப் பூங்கா, மாலை கடைத்தெரு, இரவு பத்து மணிக்கு விடுதி. மறுநாளும் இவ்வாறே. எண்பது வயதினரும் எட்டு வயதினரும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும் என்பது இந்நிரலின் எழுதாத விதி.

இதன் விளைவு யாது? இளையோர் உள்ளே சென்று பார்க்கின்றனர். முதியோர் வாயிலில் அமர்ந்து பைகளுக்குக் காவலிருக்கின்றனர். கால் வீங்கினாலும் வாய் திறப்பதில்லை. “பிள்ளைகள் இவ்வளவு செலவு செய்து அழைத்து வந்திருக்கும்போது நாம் தடையாய் இருக்கலாமா?” என்னும் எண்ணமே அவர்தம் வாயை அடைத்துவிடுகிறது. ஊர் திரும்பிய பின் கைப்பேசியில் ஓராயிரம் படங்கள் இருக்கின்றன. அப்படங்களில் எல்லாரும் அருகருகே நிற்கின்றனர். ஆனால் அந்த ஒரு வாரத்தில் பேரன் பாட்டனாரோடு பேசிய சொற்களை எண்ணினால் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எனவே, குடும்பத்தோடு அயல்நாடு செல்வோர் குறைந்தது ஒரு நாளையேனும் எந்த நிரலும் இல்லாத நாளாக ஒதுக்கி வைத்தல் வேண்டும் என்பது நம் கருத்து. எஞ்சிய பொழுதில் கிடைக்கும் இளைப்பாறலாக அன்றி, புறப்படும் முன்னரே திட்டமிட்டுக் குறித்துவைத்த நாளாக அஃது அமைதல் வேண்டும். பயணத்தின் பெரும்பயன் அந்நாளிலேதான் விளைகிறது என்பதே நாம் இங்கு நிறுவ முற்படுவது.

<b>மார்க்கம் காட்டும் வழி</b>

இஸ்லாம் பயணத்தைப் போற்றுகிறது. பூமியில் சுற்றி வந்து படைப்பின் தொடக்கத்தையும் முன்சென்ற சமுதாயங்களின் முடிவையும் கண்டு படிப்பினை பெறுமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் அறிவுறுத்துகிறது. அதே வேளையில், பயணம் மனிதனுக்குத் தளர்ச்சி தருவது என்பதையும் மார்க்கம் மறக்கவில்லை. நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கிக்கொள்ளப் பயணிக்கு அனுமதி உண்டு. ஷாஃபி மத்ஹபினர் லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழலாம். ரமலான் நோன்பைக்கூடப் பின்னொரு நாளில் நோற்றுக்கொள்ளலாம். படைத்தவனே தனக்குரிய கடமைகளில் பயணிக்கு இளைப்பாறல் வழங்கியிருக்க, வேன் ஓட்டுநரின் நேரப்பட்டியலில் இளைப்பாறல் இல்லாதிருப்பது வியப்பன்றோ?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பயணங்களில் கூட்டத்தின் பின்வரிசையில் வருவார்கள். தளர்ந்தவர்களை ஊக்கி அழைத்து வருவார்கள். நடக்க இயலாதவரைத் தம் வாகனத்தில் பின்னே ஏற்றிக்கொள்வார்கள். அவர்களுக்காக துஆச் செய்வார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. தலைவர் என்பவர் முன்னே கொடி பிடித்து ஓடுபவர் அல்லர். பின்னே தளர்ந்து வருபவரைக் கவனிப்பவர் என்பது இதனால் புலனாகும். குடும்பப் பயணத்திற்குத் தலைமை ஏற்கும் நம் இளைஞர்கள் பின்பற்றத்தக்க சுன்னத்து இஃது எனலாம்.

<b>பினாங்கில் ஒரு நாள்</b>

கருத்தை மட்டும் கூறிச் செல்வதைவிட, நாம் கண்ட ஒரு நாளை எடுத்துக்காட்டுவது பொருந்தும். அண்மையில் நம் குடும்பத்தினர் பதினொருவர் பினாங்கு சென்றோம். எண்பத்தைந்து அகவையுடைய நம் பெரிய வாப்பா, எழுபத்தெட்டு அகவையுடைய பெரியம்மா, அவர்தம் மக்கள், மருமக்கள், கல்லூரியில் பயிலும் பேத்தி, பள்ளியில் பயிலும் பேரன் ஆகியோர் அக்குழுவில் அடங்குவர். பெரிய வாப்பா 1952இல், பன்னிரண்டு வயதில், தம் தந்தையாருடன் கப்பலேறி அங்கே சென்றவர்; கடைச் சிப்பந்தியாக உழைத்தவர். குடியுரிமை இல்லாதவர் பணி செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்னும் சட்டம் 1968இல் அங்கு இயற்றப்பட்டதைத் தொடர்ந்து நேர்ந்த இடர்ப்பாடுகளால், 1970இல் ஊர் திரும்பியவர். அதன்பின் அவர் அங்குச் சென்றதில்லை. பெரியம்மாவுக்கோ அதுவே முதற்பயணம்.

பினாங்கு நமக்கு அயலூர் அன்று. பிரான்சிஸ் லைட் 1786இல் அத்தீவில் ஆங்கிலக் குடியேற்றத்தை நிறுவினார். அடுத்த பதினைந்தாண்டுகளுக்குள், 1801இல், பரங்கிப்பேட்டையைச் சேர்ந்த காதர் முகைதீன் அங்கு வாழ்ந்த தென்னிந்தியரின் தலைவராகக் 'கப்பித்தான்' பட்டம் பெற்றார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அவர் பெயராலேயே இன்றும் நின்று விளங்குகிறது. அதற்கு அருகிலுள்ள சூலியாத் தெருவின் பெயர், சோழ நாட்டினரைக் குறித்த சொல்லின் திரிபு என்பர். நாகூர் ஆண்டகையின் நினைவிடம் ஒன்றும் அங்குண்டு. இவற்றை உள்ளடக்கிய ஜார்ஜ் டவுன் நகரை யுனெஸ்கோ 2008இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

முதல் மூன்று நாள்களில் மலை, கடற்கரை, பூங்கா அனைத்தையும் பார்த்து முடித்தோம். நான்காம் நாள் எங்கும் செல்வதில்லை என்பது முன்னரே முடிவு செய்யப்பட்டிருந்தது. சுபுஹு தொழுகைக்குப் பின் சிலர் மீண்டும் உறங்கினர். எழுந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தெருமுனைத் தேநீர்க் கடைக்குச் சென்றனர். ரொட்டி சானாயும் பருப்புக் குழம்பும் வந்தன. உயரத் தூக்கி ஆற்றிய தேநீரை அங்குத் 'தே தாரிக்' என்கின்றனர். நம் ஊர்த் தேநீர்க் கடைக்காரரின் கைவண்ணமே மலாய்ப் பெயர் பூண்டு நிற்பதைப் பேரன் வியந்து பார்த்தான்.

அங்கேதான் ஒரு சிறு வழக்கு எழுந்தது. ஊரில் இப்போது மணி என்ன என்று யாரோ கேட்க, “ரெண்டு மணி நேரம் கழிச்சுக்க” என்றார் பெரிய வாப்பா. “இல்லை, இரண்டரை மணி நேரம்” என்றான் பேரன், கைப்பேசியைக் காட்டி. பெரிய வாப்பா ஒப்பவில்லை. “பதினெட்டு வருசம் இங்க இருந்தவனுக்கு நீ சொல்லித் தர்றியா?” என்று சிரித்தார். முதுமையின் மறதி என்று எண்ணி ஏனையோர் பேச்சை மாற்ற முயன்றனர். ஆனால் உண்மை என்னவெனில், இருவர் கூற்றும் சரியே. அவர் வாழ்ந்த காலத்தில் அந்நாட்டின் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டு மணி நேரமே முன்னிருந்தது. 1982 ஜனவரி 1ஆம் நாள்தான் மேற்கு மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்தள்ளி, சபா, சரவாக் பகுதிகளின் நேரத்தோடு ஒன்றாக்கிக்கொண்டது. பேத்தி இதனைத் தேடிக் கண்டு உரக்கப் படித்தபோது, பெரிய வாப்பாவின் முகத்தில் தோன்றிய மலர்ச்சியை எழுத்தில் வடித்தல் அரிது. மறதி என்று நாம் எளிதில் ஒதுக்கிவிடும் முதியோர் சொல், பல வேளைகளில் வேறொரு காலத்தின் உண்மையாக இருக்கின்றது. அதனைப் பொறுத்திருந்து கேட்க ஓய்வு வேண்டும்; அவ்வளவே.

அதன்பின் பெரிய வாப்பா பேசலானார். கடைகளின் முன்புறம் கூரையிட்டுச் செல்லும் ஐந்தடி அகல நடைபாதையை அங்குள்ள தமிழர் 'அஞ்சடி' என்பர். அதனைக் காட்டி, “கடை மாடியில நாங்க ஒம்பது பேரு. புழுக்கம் தாங்கலன்னா இந்த அஞ்சடியில சாக்க விரிச்சுப் படுத்துக்குவோம்” என்றார். அதுவரை அமைதியாயிருந்த பெரியம்மா திரும்பிப் பார்த்தார்.

“ஃபேனுக்கு அடியில கட்டிலு போட்டுத் தந்திருக்காங்கன்னுல்ல எழுதுனிய?”

பெரிய வாப்பா சற்று நேரம் பேசவில்லை. பின்னர், “உள்ளத எழுதுனா நீ தூங்கியிருப்பியா?” என்றார்.

பெரியம்மாவும் தம் பங்கைச் சொன்னார். மாமனார் நோயுற்ற ஆண்டில் நகைகளை அடகு வைத்து மருத்துவம் பார்த்த செய்தியை அவரும் எழுதவில்லை. “இங்கு எல்லாரும் சுகம்” என்றே எழுதினார். அறுபதாண்டுகளுக்கு முன் கடலின் இரு கரையிலிருந்து இருவரும் அன்பினால் மறைத்தவை, அந்தத் தெருமுனையில் ஒரு கோப்பைத் தேநீர் ஆறும் பொழுதுக்குள் வெளிவந்தன. பெற்ற மக்களும் அதுவரை அறியாத செய்திகள் அவை.

<b>படிக்க ஆளில்லாத கடிதங்கள்</b>

பெரியம்மா எழுதிய கடிதங்கள் அரபுத் தமிழில் அமைந்தவை என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அம்முறையை நம் பெண்மக்கள் பலர் ஓதும் பள்ளியின் வாயிலாகவே கற்றனர். பள்ளிக்கூடப் படியேறாத மகளிர்க்கு அதுவே எழுத்தறிவு. கணவரோடு பேசுதற்குரிய ஒரே வாய். பெரிய வாப்பா பாதுகாத்து வைத்திருந்த கடிதங்கள் சில இன்னும் வீட்டுப் பெட்டகத்தில் உள்ளன. ஆனால் பேரப்பிள்ளைகளுள் ஒருவர்க்கேனும் அவற்றைப் படிக்கத் தெரியாது. திருக்குர்ஆனை ஓதத் தெரிந்த பிள்ளைகள், பாட்டியின் கடிதத்தைப் படிக்க இயலாது நிற்கின்றனர். பெட்டகத்திலிருக்கும் தாள் செல்லரிக்கும் முன்னரும், எழுதியவரின் நினைவு மங்கும் முன்னரும் அதனைக் கேட்டுப் படித்துக்கொள்ளாவிடில், பின்னர் எந்தப் பல்கலைக்கழகமும் அதனை மீட்டுத்தர இயலாது.

<b>யாருக்கு ஓய்வு?</b>

ஓய்வு நாள் என்று கூறும்போது, அஃது யாருக்கு ஓய்வு என்னும் வினாவையும் எழுப்பியாக வேண்டும். செலவைக் குறைக்க அடுக்களையுள்ள வீட்டை வாடகைக்கு எடுப்பது இன்று வழக்கமாகியுள்ளது. ஆடவர் கால் நீட்டிக் கிடக்க, மகளிர் அடுப்பு மாற்றிச் சமைப்பார்களாயின், அயல்நாட்டிலும் அவர்தம் நாள் ஊர் நாளே. கடல் கடந்து வந்ததும் அடுக்களையைக் காண்பதற்குத்தானா?

நாம் குறிப்பிட்ட நாளில் பகலுணவு வெளியிலிருந்து வந்தது. காவடித் தண்டில் சோறும் கறியும் சுமந்து சென்று நம்மவர் விற்றதால் 'நாசி கந்தர்' என்று பெயர் பெற்ற அவ்வுணவைப் பொட்டலங்களாக வாங்கி வந்தவர்கள் ஆண்பிள்ளைகள். விரித்ததும், பரிமாறியதும், துடைத்ததும் அவர்களே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது வீட்டாரின் வேலைகளில் உதவி வந்தார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பதை மேடையில் முழங்கும் நாம், விடுமுறையிலேனும் அதனைச் செயலிற் காட்டலாமே! லுஹருக்குப் பின் மருமக்கள் இருவர் அஸர் வரை அயர்ந்து உறங்கினர். அவ்வுறக்கம் எந்தக் கோபுரத்தைக் காண்பதினும் சிறந்த விருந்தோம்பல் என்றே நாம் கருதுகிறோம்.

<b>ஐயங்களும் விடைகளும்</b>

இலட்சக்கணக்கில் செலவழித்துச் சென்றுவிட்டுச் சும்மா இருப்பது வீண்விரயம் ஆகாதா என்று சிலர் வினவலாம். பார்த்த இடங்களின் எண்ணிக்கையைக் கொண்டே பயணத்தை அளப்போர்க்கு அவ்வாறு தோன்றுதல் இயல்பு. ஆனால் உடன்வந்தவர் களைத்துச் சோர, எண்ணிக்கையை மட்டும் கூட்டிக்கொண்டு திரும்புவதே உண்மையான விரயம்.

பேசுவதற்கு அயல்நாடு எதற்கு, வீட்டுத் திண்ணை போதாதா என்பது மற்றொரு வினா. போதும், திண்ணையும் அதில் அமர்வோரும் இருந்தால். இன்று வீட்டில் ஆளுக்கோர் அறை, அறைக்கொரு கதவு. அன்றியும், நினைவுக்கு இடம் துணையாகிறது. 'அஞ்சடி'யைக் கண்ணாற் கண்டபின்னரே சாக்கு விரித்துப் படுத்த இரவு நினைவுக்கு வந்தது. ஐம்பதாண்டுகள் திண்ணையில் அமர்ந்தும் அது வெளிவரவில்லை என்பதை நோக்குக.

ஹஜ் கடமை நிறைவேறாதிருக்க உல்லாசப் பயணம் தகுமா என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. வசதி பெற்றோர்க்கு ஹஜ்ஜே முற்படு கடமை. ஜகாத்தும் கடனும் தீர்த்த பின்னரே ஏனையவை. கடன் வாங்கி உலாச் செல்வதையும், அண்டை வீட்டார்க்குக் காட்டுவதற்காகச் செல்வதையும் நாம் பரிந்துரைக்கவில்லை. அயல்நாடு செல்ல இயலாத குடும்பங்களே மிகுதி என்பதையும் நாம் அறிவோம். அவர்கள் நாகூருக்கோ, காயலுக்கோ, பாட்டனார் பிறந்த சிற்றூருக்கோ சென்றாலும் இப்பயன் குறைவுபடாது. முதியவர் வாழ்ந்த இடத்திற்கு முதியவரோடு செல்லுதலும், அங்கே அவசரமின்றி இருத்தலுமே வேண்டுவன.

<b>செய்யத்தக்கன</b>

இளைஞர்களுக்குச் சிலவற்றைக் கூற விழைகிறோம். பயணத்திற்கு நாள் குறிக்கும்போதே ஓய்வு நாளையும் குறித்துவிடுங்கள். அதனை முதல் நாளிலோ கடைசி நாளிலோ வைக்காமல் நடுவில் வையுங்கள். முதியோர்க்குரிய மருந்து, உறக்கம், தொழுகை ஆகியவற்றை ஒட்டி ஏனைய நாள்களை அமையுங்கள். நேர மாற்றத்தையும் கருதுங்கள். ஊரில் ஐந்து மணிக்கு விழித்துப் பழகிய உடல், பினாங்கில் ஏழரை மணிக்கே விழிக்கும். அப்போது சூரியன் உதித்திருக்கும். முதல் சில நாள்கள் அவர்களை எழுப்பிவிடும் பொறுப்பு உங்களுடையது.

கைப்பேசியைப் படமெடுக்க மட்டுமன்றிக் குரலைப் பதியவும் பயன்படுத்துங்கள். மூத்தோரின் இசைவு பெற்று அவர்தம் பேச்சைப் பதிந்து, நாளும் இடமும் குறித்து வையுங்கள். தமிழ்த்துறை மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சபுராளிகளின் கடிதங்களையும் அரபுத் தமிழ் ஏடுகளையும் வீடுதோறும் தேடிப் படியெடுத்து, படிக்கத் தெரிந்த மூத்தோரைக் கொண்டு தமிழ் எழுத்தில் பெயர்த்தெழுதுங்கள். சிங்கப்பூரில் மகுதூம் சாயபு 1887இல் தொடங்கிய 'சிங்கை நேசன்' இதழை இலக்கிய வரலாற்றில் படிக்கின்றோம். அவ்விதழைக் கையில் எடுத்துப் படித்திருக்கக்கூடிய சாதாரணச் சபுராளியும், அவர்க்கு மடல் எழுதிய மனைவியும் எந்த வரலாற்றிலும் இல்லை. அவ்வரலாறு நம் வீடுகளில் இருக்கிறது. எதிர்வரும் ஆண்டுகளில் இம்மலரின் பக்கங்கள் அத்தகைய ஆக்கங்களால் நிறைதல் வேண்டும் என்பது நம் அவா.

மூத்தோர்க்கும் ஒரு சொல்: தடையாய் இருப்போமோ என்று தயங்கி வாய்மூடி இராதீர்கள். கால் வலித்தால் வலிக்கிறது என்று கூறுங்கள். பிள்ளைகள் கேளாவிடினும் சொல்லத் தொடங்குங்கள். நீங்கள் சொல்லாமல் வைத்திருப்பது உங்கள் துன்பம் மட்டுமன்று; உங்கள் பேரர்களின் உடைமையும் ஆகும்.

நம் முன்னோர் குடும்பத்திற்காகக் குடும்பத்தைப் பிரிந்து சென்றனர். அவர்தம் உழைப்பின் பயனாய் இன்று நாம் குடும்பத்தோடு செல்கின்றோம். அவ்வாறு செல்லும் நாம், அவர்களோடு அமர்ந்து ஒரு நாள் முழுதும் அவர்கள் சொல்லக் கேட்பதே அவ்வுழைப்புக்கு நாம் செலுத்தத்தக்க நன்றியாகும். பெற்றோர்க்குப் பணிவென்னும் சிறகைத் தாழ்த்தும் நற்பேற்றினை நம் அனைவர்க்கும் வல்ல அல்லாஹ் வழங்கியருள்வானாக! ஆமீன்.